ராட்சத வேடம் ஏற்கும் நடிகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவல் 1823இல் லண்டனில் முதன்முதலாக மேடையேறியது. நாவல் வெளியாகி ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த நாடகத்தின் பாத்திரப் பட்டியலில், விஞ்ஞானி உருவாக்கிய ஜீவனின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். எதிரே டி. பி. குக் என்ற நடிகரின் பெயர் இருந்தது. நாவலை எழுதிய மேரி ஷெல்லி நாடகத்தைப் போய்ப் பார்த்தார். அந்தக் கோடு அவருக்குப் பிடித்துப்போனது. 1931இல் வந்த படத்தில் இது தலைகீழானது. தொடக்கப் பட்டியலில் ராட்சதன் இருக்கிறான், நடிகரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

ராட்சத வேடத்துக்கு ஒப்புக்கொள்ளும் எந்த நடிகருக்கும் இந்த இரண்டு வெற்றிடங்களும் காத்திருக்கின்றன. பாத்திரத்துக்கு நிஜ உலகில் முன்மாதிரி கிடையாது. உங்கள் முகமோ வெளியே தெரியப் போவதில்லை. பெரும்பாலோர் இந்த வெற்றிடத்தை உறுமலாலும் விரித்த விரல்களாலும் நிரப்பப் பார்க்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் அது எடுபடும். அப்புறம் பார்வையாளருக்குப் பழகிவிடும். அவர்களைப் பயமுறுத்தும் வேலையை ஒப்பனை, விளக்கு, இசை, எதிரே நிற்கும் நடிகரின் முகம் என நாலு பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அந்த ஜீவனுக்கு உள்ளே ஒரு தேவை இருக்கிறது என்று நம்ப வைப்பதை மட்டும் உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் அந்தத் தேவையைக் கண்டுபிடிக்கவும், ரப்பருக்கும் ரோமத்துக்கும் அடியில் அது செத்துப்போகாமல் காப்பாற்றவும்தான்.

படி 1: தேவையைக் கண்டுபிடியுங்கள்

உடை வருவதற்கு முன்பே, ஒரு தாளும் பேனாவுமாக உட்காருங்கள். நீங்கள் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றே வரிகள் எழுதுங்கள். இந்த நொடியில் அதற்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? எது அதற்குப் புரியவில்லை?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பல ராட்சதப் பாத்திரங்களின் உயிரே புரியாமையில்தான் இருக்கிறது. 1931 படத்தில் போரிஸ் கார்லோஃப் நடித்த இரண்டு காட்சிகளைப் பாருங்கள். ஒன்றில் கூரை திறந்து வெளிச்சம் உள்ளே விழுகிறது. முன்பின் வெளிச்சத்தைப் பார்த்திராத அந்த ஜீவன் அண்ணாந்து, இரண்டு கைகளையும் தூக்கி அதைப் பிடிக்கப் பார்க்கிறது. கூரை மூடியதும் கைகள் வெறுமனே அந்தரத்தில் நிற்கின்றன. இன்னொன்று ஏரிக்கரைக் காட்சி. ஒரு சிறுமியும் அதுவும் பூக்களைத் தண்ணீரில் மிதக்க விட்டு விளையாடுகிறார்கள். பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. பூ மிதந்ததே, இவளும் மிதப்பாள் என்று சிறுமியைத் தூக்கி ஏரியில் போடுகிறது. படத்திலேயே கொடூரமான செயல் அது. ஆனால் கார்லோஃப் அங்கே கொடூரத்தை நடிக்கவே இல்லை. விளையாட்டை நடித்தார், அடுத்த நொடி பதற்றத்தை நடித்தார்.

இயக்குநர் “இன்னும் பயங்கரமாக” என்று சொன்னால் அதைத் தேவையின் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னும் பசியாகவா, அவசரமாகவா, நெருக்கமாகவா என்று அவரிடமே கேளுங்கள். நல்ல இயக்குநர் உடனே பிடித்துக்கொள்வார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ராட்சதத்தனத்தைக் காட்ட மாற்றுத்திறனாளிகளின் நடையையோ பேச்சையோ அப்படியே எடுத்து, பயத்துக்கு அடையாளமாக ஒட்டவைப்பது பழைய, சோம்பேறித்தனமான வழக்கம். லண்டன் நேஷனல் தியேட்டரில் 2011இல் டேனி பாய்ல் இயக்கிய ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாடகத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச், ஜானி லீ மில்லர் இருவரும் விஞ்ஞானி, ஜீவன் ஆகிய வேடங்களை மாற்றி மாற்றி நடித்தார்கள். மில்லர் நடை பழகும் தன் குழந்தையைக் கவனித்துக் கற்றார். கம்பர்பேட்ச் காயத்துக்குப் பிறகு உடலை மறுபடி பயன்படுத்தக் கற்பவர்களைக் கவனித்தார். மேடையில் ஒரு உடல் தன்னைத் தானே கற்றுக்கொள்ளும் முயற்சியைத்தான் பார்வையாளர்கள் பார்த்தார்கள், கேலியை அல்ல. இருவரும் சேர்ந்தே பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியர் விருதைப் பெற்றார்கள்.

படி 2: எடையும் நடையும்

தேவை கிடைத்ததும் அதை உடலில் இறக்க வேண்டும். நான் எப்போதும் எடையில்தான் தொடங்கச் சொல்வேன். இந்த ஜீவன் எத்தனை கிலோ? அந்த எடை எங்கே தங்கியிருக்கிறது, தோளிலா, இடுப்பிலா, தலையிலா? நடக்கும்போது எந்த உறுப்பு முன்னால் போகிறது? மோப்பம் பிடிக்கும் ஜீவனை மூக்கு இழுத்துச்செல்லும். பயந்த ஜீவனுக்கு முதுகு முன்னால் வரும், வயிறு உள்ளே ஒளியும். தினமும் அரை மணி நேரம் இந்த ஒரே கேள்வியோடு அறையைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு வாரத்தில் உடல் தானாகவே ஒரு பதிலைப் பிடித்துக்கொள்ளும்.

1954இல் ‘காட்ஸில்லா’ முதல் படத்தில் உடைக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. இந்த வேடத்துக்காக அவர் டோக்கியோவின் உயேனோ விலங்குக்காட்சி சாலைக்குப் போய், யானையும் கரடியும் எப்படி அடியெடுத்து வைக்கின்றன என்று பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ இருந்தது, அதில் நடமாடவே முடியவில்லை. பிறகு எடை குறைந்த உடை செய்தார்கள். 1972 வரை அவர்தான் காட்ஸில்லா. நீங்களும் விலங்குகளைப் பாருங்கள், ஆனால் ஒரே விலங்கைக் காப்பியடிக்காதீர்கள். ஒன்றிலிருந்து அடியெடுப்பு, இன்னொன்றிலிருந்து தலை திரும்பும் விதம், மூன்றாவதிலிருந்து ஓய்வெடுக்கும் முறை என்று எடுங்கள். ஓய்வை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அசையாமல் நிற்கும்போது உங்கள் ஜீவன் எப்படி நிற்கும் என்று தெரியாவிட்டால், அந்த இடைவெளியில் உள்ளே இருக்கும் மனிதன் எட்டிப்பார்த்துவிடுவான்.

1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் விண்வெளி ஜந்துவாக நடித்தவர் போலாஜி படேஜோ, நைஜீரியாவைச் சேர்ந்த மாணவர். நடிப்புத் தொழிலில் இருந்தவர் இல்லை. 2 மீட்டரைத் தாண்டிய உயரமும் ஒல்லியான நீண்ட கைகால்களும் அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தன. ஆனால் உயரம் மட்டும் போதவில்லை. தாய் சி என்ற சீன உடற்பயிற்சி, மைம் என்ற பேசா நடிப்பு இரண்டிலும் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டும் மெதுவாக அசையக் கற்றுத்தரும் கலைகள். வேகமாக ஓடும் உடலை யார் வேண்டுமானாலும் நடித்துவிடலாம். ஒரு கையை நீட்ட பத்து விநாடி எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு தடவைகூட அதிராமல் இருப்பதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

படி 3: மூச்சும் குரலும்

முகம் மறைந்த நடிகருக்கு மூச்சுதான் முகம். விலா எலும்பு விரிவது, தோள் ஏறி இறங்குவது எல்லாம் ரப்பருக்கு வெளியேயும் தெரியும். அந்த ஜீவன் எங்கிருந்து மூச்சு விடுகிறது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அதன் மூன்று நிலைகளைப் பழகுங்கள்: நிம்மதி, கவனம், பாய்ச்சல். கவனத்திலிருந்து பாய்ச்சலுக்குப் போகும் முன் மூச்சு ஒரு கணம் நிற்கும். பார்வையாளர்களும் தங்களை அறியாமல் அங்கே மூச்சை நிறுத்துவார்கள்.

குரலைத் தொண்டையில் தேடாதீர்கள், உடலின் செயலில் தேடுங்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ், தன் பூனை தொண்டையில் சிக்கிய ரோம உருண்டையைக் கக்கப் படும் பாட்டிலிருந்து அந்தக் குரலைப் பிடித்தார். உடம்பே சுருங்கி விரியும் ஒரு செயல் அது. குரல் அதன் விளைவு. தொண்டை புண்ணாகாமல் இருக்க தேனும் எலுமிச்சையும் இஞ்சியும் கலந்த பானத்தைக் குடித்துக்கொண்டே நடித்தார். நீங்கள் உறுமும்போது தொண்டை உரசினால் நிறுத்திவிடுங்கள். வயிற்றுத் தசையின் அழுத்தத்தில் வராத உறுமல் இரண்டாவது நாளே உங்கள் குரலைக் கெடுத்துவிடும். ஒரு நாளில் எத்தனை முறை முழு வேகத்தில் கத்துவீர்கள் என்று ஒலிப்பதிவாளரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். மற்ற டேக்குகளில் வாய் அசைவு மட்டும் போதும், ஒலியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

பேசாமல் இருப்பதும் ஒரு வழிதான். 1966இல் கிறிஸ்டோபர் லீ இரண்டாவது முறையாக டிராகுலாவாக நடித்த படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை.

படி 4: ஒப்பனை நாற்காலி

இங்கே நேரமெடுத்துப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல நல்ல நடிகர்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான்.

முதலில் உங்கள் முகத்துக்கும், சில சமயம் முழு உடலுக்கும் அச்சு எடுப்பார்கள். முகம் முழுக்கக் குழம்பு பூசி, மூக்குத் துவாரங்களை மட்டும் திறந்து விட்டிருப்பார்கள். அது இறுகும் வரை கண்ணையும் வாயையும் திறக்க முடியாது. மூடிய இடத்தைக் கண்டால் உங்களுக்குப் பயம் என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், படப்பிடிப்பு நாளில் சொல்லாதீர்கள். அந்த அச்சின் மேல்தான் ஃபோம் லேடெக்ஸ் எனும் நுரை ரப்பரிலோ சிலிகானிலோ துண்டுகளைச் செய்வார்கள். லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது. லேடெக்ஸ், பசை, நிறப்பூச்சு, பசை நீக்கும் திரவம் நான்கையும் கையின் உட்பக்கத்தில் தனித்தனியாகத் தடவி ஒன்றிரண்டு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுவர அனுமதியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1939இல் வெளியான ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்துக்காகத் தகர மனிதன் வேடம் போட்ட பட்டி எப்ஸன், ஒப்பனைக்கான அலுமினியத் தூளைச் சுவாசித்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. வேடமும் கைமாறியது. அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் ஒரு தீப்பிழம்புக் காட்சியில் முகத்திலும் கையிலும் தீக்காயம் பட்டார். அவர் பூசியிருந்த பச்சை நிறத்தில் செம்பு கலந்திருந்ததால், வெந்த தோலிலிருந்து அதை ஆல்கஹால் வைத்துத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. உங்கள் மேல் என்ன பூசுகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது பொறுமை. 1946இல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்றில் மிருகமாக நடித்த ஜான் மாரேவுக்கு ஒப்பனை ஐந்து மணி நேரம் பிடித்தது, முகத்துக்கு மூன்று, கைக்கு ஒன்று வீதம் இரண்டு. 2000இல் ‘கிரிஞ்ச்’ வேடம் போட்ட ஜிம் கேரி முதல் நாள் ஒப்பனைக்குப் பிறகு படத்திலிருந்தே விலகிவிட நினைத்தார். சித்திரவதையைத் தாங்குவது எப்படி என்று உளவாளிகளுக்குப் பயிற்சி தந்த ஒருவரை அழைத்துவந்துதான் அவரைத் தக்கவைத்தார்கள். நீங்கள் அந்த மணிநேரங்களை வீணடிக்க வேண்டாம். முதல் பாதியில் தூங்குங்கள் அல்லது பாட்டுக் கேளுங்கள். கடைசி ஒரு மணி நேரம் கண்ணாடியைப் பார்த்தபடி, ஒவ்வொரு துண்டு ஏறும்போதும் படி 1இல் எழுதிய மூன்று வரிகளை மனதுக்குள் ஓட்டுங்கள்.

ஒப்பனைக் கலைஞர் உங்கள் சக நடிகர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கார்லோஃபுக்கு ஒப்பனை செய்தவர் ஜாக் பியர்ஸ். தன் கண்கள் அளவுக்கு மீறி விழிப்பாகத் தெரிகின்றன, இப்போதுதான் உயிர் பெற்ற ஜீவனுக்கு இது பொருந்தாது என்று கார்லோஃப் சொன்னார். பியர்ஸ் இமைகளின் மேல் மெழுகு வைத்துக் கனமாக்கினார். வாயில் ஒரு பக்கம் இருந்த செயற்கைப் பற்களை கார்லோஃப் கழற்றிவிட்டதால் அந்தக் கன்னம் குழி விழுந்தது. அந்த முகத்தின் புகழ்பெற்ற இரண்டு அம்சங்கள் இப்படிப் பேச்சுவார்த்தையில் பிறந்தவை. உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். ஒரு கண்ணை மட்டும் விலக்க முடியுமா, விரல் பின்னோக்கி வளையுமா? ‘இட்’ படத்தின் கோமாளிப் பேய்க்காக பில் ஸ்கார்ஸ்கார்ட் தன் ஒரு கண்ணைத் தானாகவே வேறு திசைக்குத் திருப்பினார். அதற்குக் கணினி தேவைப்படவில்லை.

படி 5: ரப்பருக்கு அடியில் முகத்தை உயிரோடு வைத்திருத்தல்

1968இல் வந்த ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ படத்தில் குரங்காக நடித்த ராடி மக்டவல், முகத்தை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும்படி சக நடிகர்களிடம் சொன்னார். மூக்கைச் சுருக்கு, உதட்டை இழு, கண்ணைச் சிமிட்டு. நின்ற கணமே அது முகமூடி ஆகிவிடும். சாதாரண நடிப்பில் மிகை என்று திட்டு வாங்கும் அளவு அசைவு, அரை அங்குல ரப்பரைத் தாண்டும்போது இயல்பாகிவிடும். எவ்வளவு தேவை என்பதை ஊகிக்க முடியாது. முழு ஒப்பனையோடு கண்ணாடி முன்பும் கைபேசி கேமரா முன்பும் ஒரு மணி நேரம் சோதித்துப் பாருங்கள். கோபம், வருத்தம், ஆர்வம் ஒவ்வொன்றும் எந்த அளவில் வெளியே வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முகம் முற்றிலும் அசையாத கடின முகமூடி என்றால் விதி மாறுகிறது. அங்கே கழுத்துதான் நடிக்க வேண்டும். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதே முகமூடி கோபப்படும், நிமிர்த்தினால் வியக்கும், சாய்த்தால் கேள்வி கேட்கும். ஆனால் ஒவ்வொரு சாய்வுக்குப் பிறகும் நில்லுங்கள். தொடர்ந்து ஆடும் தலை எதையும் சொல்லாது.

பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேடத்துக்குள் உங்களுக்குப் பாதிக் கண்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. 2006இல் வந்த ‘பான்ஸ் லேபிரிந்த்’ படத்தில் உள்ளங்கையில் கண்கள் கொண்ட வெளிறிய மனிதனாக நடித்த டக் ஜோன்ஸ், அந்த முகத்தின் மூக்குத் துவாரங்கள் வழியாகத்தான் பார்த்தார். கண் முழுவதையும் மூடும் பெரிய லென்ஸ் போட்டால் ஓரப்பார்வை போய்விடும். அதைக் கண் மருத்துவர் அளவெடுத்துப் பொருத்த வேண்டும், குறித்த நேரத்துக்கு மேல் போடக்கூடாது. எனவே வேடம் கட்டும் முன்பே அரங்கத்தை நடந்து நடந்து மனப்பாடம் செய்யுங்கள். எத்தனை அடி, எங்கே படி, எங்கே ஒயர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே பாதையில் நடங்கள். கை பிடித்து அழைத்துப்போக ஒருவரைக் கேட்டு வாங்குங்கள், அவர் தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

படி 6: கேமராவுக்கு ஒரு கணக்கு, மேடைக்கு இன்னொன்று

படப்பிடிப்பில் முதலில் கேட்க வேண்டியது, விநாடிக்கு எத்தனை பிரேம். வழக்கம் 24. பெரிய ராட்சதனின் எடையைக் காட்ட அதைவிட வேகமாகப் படமெடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டுவார்கள். 48இல் எடுத்தால் உங்கள் அசைவு திரையில் பாதி வேகத்தில் தெரியும். இது தெரியாமல் நீங்களும் நிதானமாக நடந்தால் ராட்சதன் தூக்கத்தில் நடப்பது போலாகிவிடும். பாரம் உடலில் இருக்க வேண்டும், வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பழகத் தனி ஒத்திகை கேளுங்கள்.

ஒரே ஜீவனை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. 1954இல் வந்த ‘கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்’ படத்தில் கரையில் பென் சாப்மன், தண்ணீருக்கு அடியில் ரிக்கோ பிரவுனிங். பிரவுனிங் 4 நிமிடம் வரை மூச்சடக்கி நீந்தக்கூடியவர். உங்களுக்குச் சண்டைக் கலைஞரோ நீச்சல்காரரோ மாற்றாக வருகிறார் என்றால், அவரோடு ஒரு நாள் உட்கார்ந்து தலை திரும்பும் விதத்தையும் கை தொங்கும் விதத்தையும் ஒன்றாக்குங்கள். அந்த இரண்டும் ஒத்துப்போனால் மற்ற வித்தியாசங்களைப் பார்வையாளர்கள் மன்னித்துவிடுவார்கள்.

உங்கள் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சர் முறையில், உடலில் புள்ளிகள் ஒட்டிய உடையில் நடிப்பதற்கும் மேலே சொன்னவையெல்லாம் பொருந்தும். வால், கொம்பு, நீண்ட கை போன்றவை கணினியில் சேரும் என்றால், ஒத்திகையில் அவற்றுக்குப் பதில் குச்சியோ கயிறோ கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கதவில் கொம்பு இடிக்கும் என்ற எண்ணமே உங்கள் உடலுக்கு வராது.

மேடையில் வெட்டி ஒட்ட முடியாது, அதுதான் அதன் அழகு. ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற நடிகர் 1887இல் ஜெகில் என்ற நல்ல மருத்துவர், அவரே மாறிப்போகும் ஹைட் என்ற கொடியவன் ஆகிய இரட்டை வேடத்தில், பார்வையாளர்களின் கண்ணெதிரே உடலை வளைத்து, முகத்தைத் திரித்து, விளக்கின் துணையோடு மாறினார். 1931இல் அதே கதையைப் படமாக்கியபோது ஃபிரெடரிக் மார்ச்சின் முகத்தில் நிறப்பூச்சு ஒன்றைத் தடவி, அதே நிற வடிகட்டியைக் கேமராவின் முன் வைத்து அதை மறைத்தார்கள். வடிகட்டியை மாற்றியதும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடுகள் மெல்ல எழும்பி வந்தன. அவர் அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பெற்றார். தந்திரம் தயாரிப்புக் குழுவுடையது. ஆனால் அந்தச் சில விநாடிகளில் மாற்றத்தின் வலியை மார்ச்தான் தாங்கிக் காட்ட வேண்டியிருந்தது.

மேடைக்கு ஒப்பனையே இல்லாமலும் இதைச் செய்யலாம். 1977இல் எழுதப்பட்ட ‘எலிஃபண்ட் மேன்’ நாடகத்தில், உருவம் சிதைந்ததால் ஊரே ராட்சதனாக நடத்திய ஒரு நிஜ மனிதனை நடிகர் எந்த ரப்பரும் ஒட்டாமல், உடலைத் திருகிய நிலையில் வைத்தே காட்ட வேண்டும். ஒரு முழு நாடகத்துக்கு அப்படித் திருகி நிற்பதால் முதுகு போய்விடும். இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, எதிர்ப்பக்கத்துக்கு நீட்டும் பயிற்சிகளைக் காட்சிக்கு முன்னும் பின்னும் செய்யுங்கள்.

படி 7: எதிரே நிற்பவர்

உங்கள் ராட்சதனை ஆக்குபவர் எதிரே நிற்கும் நடிகர்தான். அவர் நம்பினால் அரங்கம் நம்பும். அதற்காகச் சிலர் சக நடிகர்களிடமிருந்து வேடத்தை ஒளித்துவைத்துத் திடீரென்று காட்டுகிறார்கள். குழந்தைகள் நடிக்கும் காட்சியில் ஒருபோதும் இப்படிச் செய்யாதீர்கள். குழந்தை உங்களை வெறும் முகத்தோடு பார்க்கட்டும், பாதி ஒப்பனையில் பார்க்கட்டும், ரப்பர்க் கையைத் தொட்டு விளையாடட்டும். அப்புறம் பயப்படுவது போல நடிக்கச் சொன்னால் சந்தோஷமாக நடிக்கும்.

கழுத்தைப் பிடிப்பது, தூக்குவது, கீழே தள்ளுவது எதுவானாலும் அசைவைத் தீர்மானிக்கும் ஆள் பாதிக்கப்படுபவராகவே இருக்கட்டும். உங்கள் கை வெறுமனே அங்கே இருக்கும். ரப்பர்க் கைக்குள் உங்கள் பிடியின் அழுத்தம் உங்களுக்கே தெரியாது. இரண்டு முறை தட்டினால் உடனே விட வேண்டும் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், முகமூடிக்குள் வார்த்தை கேட்காது. உங்களுக்கு மூச்சு முட்டினால் காட்ட ஒரு கை அடையாளமும் வேண்டும், அது குழு முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 8: நாளைத் தாங்குவது, வேடத்தைக் கலைப்பது

உடைக்குள் உடம்பு கொதிக்கும். ஒவ்வொரு டேக்குக்கு இடையிலும் தலைப்பகுதியைக் கழற்றவோ குறைந்தது திறக்கவோ முடியுமா என்று உடை தைக்கும்போதே கேளுங்கள், தைத்த பிறகு கேட்டால் பதில் இருக்காது. உறிஞ்சுகுழல் வைத்துத் தண்ணீர், உப்புக் கலந்த நீர், மாற்றுக்கு இரண்டு செட் உள்ளாடை, அடிக்க ஒரு விசிறி, எல்லாம் தயாராக இருக்கட்டும். கழிவறைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று அளந்து உதவி இயக்குநரிடம் சொல்லிவையுங்கள். தலை சுற்றல், குமட்டல், திடீரென்று வியர்வை நிற்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஷாட் பாதியில் இருந்தாலும் நிறுத்துங்கள்.

வேலை நேரத்தைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். ஒப்பனைக்கு நான்கு மணி நேரம், கலைக்க ஒன்று என்றால் அந்த ஐந்தும் வேலை நேரம்தான். அப்படி நீண்ட நாட்களை அனுபவித்த கார்லோஃப், 1933இல் அமெரிக்காவில் திரை நடிகர் சங்கம் உருவானபோது அதன் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார்.

கலைக்கும்போது எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். ரப்பரைப் பிய்த்து இழுக்க விடாதீர்கள், தோலும் சேர்ந்து வரும். நீக்கும் திரவத்தைத் தூரிகையால் விளிம்பில் விட்டு, பசை தானாக விடும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக உரியுங்கள். கண்ணைச் சுற்றிக் கடைசியாகச் செய்யட்டும். பிறகு வெந்நீரில் நனைத்த துணி, மென்மையான சோப்பு, ஈரம் காக்கும் களிம்பு. கூனி நின்ற முதுகைத் தரையில் படுத்து நீட்டுங்கள், உறுமிய தொண்டையில் ஒரு மணி நேரம் பேச்சே வேண்டாம். நாளைக் காலை இதே தோலில்தான் மறுபடி பசை தடவப் போகிறார்கள். படுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்து, எங்கேயாவது சிவந்திருந்தால் படமெடுத்து ஒப்பனைக் கலைஞருக்கு இரவே அனுப்பிவிடுங்கள்.